ராஜ்மோகனின் பாகம்

மத்தியானச் சோறு முடிந்த நேரத்தில் தணிகைவேல் கிருமாம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தான். வில்லியனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பதால் யார் வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழையலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

அண்ணி மஞ்சுளா லேப்டாப்பை எடுத்து வைத்தாள். அவள் கணவன் ராஜ்மோகன் அதை வாங்கிய வாரமே கடலூர் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். பாஸ்வேர்டும் அவனோடு போயிற்று. உள்ளே, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் பேசிய பதிவு ஒன்று இருந்தது. அவன் குரலென்று உலகத்தில் மிஞ்சியது அது மட்டும்தான்.

"அந்தப் பதிவ எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் எது வேணா பண்ணு, தணிகை."

"டிஸ்க்கக் கழட்டி, கடையில மாட்டி... யாரு மெனக்கெடறது அண்ணி? மொத்தமா அழிச்சி, ரெண்டு பாகமா பிரிச்சி, விண்டோஸ் போட்டுத் தரேன். பறக்கும்."

"அவரு பேசினது?"

"செத்தவருக்கு இன்னா அண்ணி பாகம்?"

காரியத்தன்று, அண்ணனுக்கும் பங்குள்ள கரும்புக் கொல்லையை வளைத்துக்கொண்டபோதும் இதையேதான் சொன்னான். புதிதாக ஒரு வார்த்தை யோசிக்கக்கூட அவனுக்குச் சோம்பல்.

பென்டிரைவைச் செருகினான். அவள் கை நீட்டுவதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். பிறகு இரண்டு பாகம் பிரித்தான்.

திரையில் மூன்று வந்தன.

மூன்றாவதன் பெயர் ராஜ்மோகன்.

"பழைய பேரு ஒட்டிக்கினு நிக்குது," என்று அழித்தான். மறுபடி வந்தது, முன்னைவிடப் பெரிதாக. அழிக்க அழிக்க அது வளர்ந்தது. அவன் பிரித்த இரண்டும் ஒடுங்கின. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் காற்றில்லை. அடைத்த அறையில் டீசல் நாற்றம் எழுந்தது. லேப்டாப்புக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பெரிய இஞ்சினியரு," என்றாள் மஞ்சுளா மெதுவாக. "பாகம் பிரிக்கக்கூடத் தெரியல."

"டிஸ்க்கு கோளாறு," என்று முனகி, பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பைக்கை எடுத்தான். திரை இருண்டது. அவள் எந்தப் பொத்தானை அழுத்தியும் அது விழிக்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணி." தணிகைவேல் கடையிலிருந்து பேசினான். "அந்தப் பென்டிரைவக் கடையில செருகினேன். இப்ப எல்லா மெஷின்லயும் அண்ணன் பேருல ஒரு பாகம் இருக்கு. ஒயர்லாம் புடுங்கிட்டேன். அப்பவும் ஸ்பீக்கர்ல மூச்சு கேக்குது. கொல்லைய எழுதிக் குடுத்துர்றேன், போவச் சொல்லுங்க."

இப்போதும் பேரம்.

"கொல்ல யாருக்குடா வேணும்? சத்தத்தக் கூட்டு. நான் கேக்கணும்."

ஸ்பீக்கரில் மூச்சு நின்றது.

போனுக்கு மிக அருகில் இன்னொரு குரல் பேசியது.

"தணிகை, போன வச்சிட்டு நவுரு. நான் மஞ்சுகிட்ட பேசணும்."

போன் எதன் மீதோ வைக்கப்பட்டது. கடையின் ஷட்டர் கரகரவென்று இறங்கியது. தணிகைவேல் அதற்கு உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று அவள் கேட்கவில்லை.

கதவைத் தாழிட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.