புளி தேய்த்த காசுகள்

மனைவியின் ஊரில் அவளுக்கான முப்பதாம் நாள் பூசை முடிந்து வின்சென்ட் செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது மாலை நான்கு மணி. ராஜகிரி மலைப் பாறைகளில் வெயில் இன்னும் தகித்துக்கொண்டிருந்தது. கூடவே வந்த தங்கை லூர்துமேரி பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"துணிமணிய எடுத்துக்கினு எங்க வூட்டுக்கு வந்துடுண்ணா. அந்தப் பச்ச புடிச்ச காசா உனக்குச் சோறாக்கிப் போடப்போவுது?"

"நீ முன்னால போ. நான் வரேன்."

அவள் போனபின் உள்ளே நுழைந்தார். மூடிக் கிடந்த வீட்டின் புழுக்கத்தில், அப்போதுதான் ஊறவைத்ததுபோல் புளியின் வாடை.



இருபது வருடங்களாக அவர் தேடிச் சேர்த்தவை, பைசாண்டியம் எனும் கிழக்கு ரோமானியப் பேரரசின் தொடக்ககாலச் செப்புக்காசுகள். ஒரு பக்கம் அரசரின் முகம், மறுபக்கம் ஆட்சியாண்டு. லென்ஸை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டைப் படித்துவிட்டால் அன்று முழுக்க அவருக்குப் பசிக்காது. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துப் பச்சைக் களிம்புதான் அந்தக் காசுகளின் உயிர்; தேய்ந்த முகமும் எழுத்தும் அதில்தான் நிற்கின்றன.

மனைவி அமுதாவுக்கு அது தெரியாது. ஈஸ்டருக்குச் செம்புக் குடங்களைத் துலக்கியவள், மேசைமேல் இருந்த காசையும் புளிபோட்டுத் தேய்த்துவிட்டாள். அவரிடம் இருந்ததிலேயே நல்ல காசு அது.

"பாருங்க, உங்க ராஜாவ குளிப்பாட்டி வுட்டுட்டேன்!"

காசு மின்னியது. ஆண்டு அழிந்திருந்தது. ராஜாவுக்கு மூக்கு இல்லை.

வின்சென்ட் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

"ராஜா மூஞ்சி போனா எம் மூஞ்சியயும் பாக்க மாட்டீங்களா?" என்று மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு கேட்டாள். ஆறாம் நாள் அதையே அழுதுகொண்டு கேட்டாள். ஒன்பதாம் நாள் காலையில் அவள் எழுந்திருக்கவே இல்லை.

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

மேசையருகே போனார். காசுத் தட்டின் குழிகள் எல்லாம் காலி. அவர் கைப்பட எழுதிய குறிப்புச் சீட்டுகள் மட்டும் கிடந்தன.

பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

சரக்... சரக்... சரக்...

துவைக்கிற கல்லருகே ஒரு பேசின். அதில் புளித் தண்ணீர். இந்தப் பக்கம் ஈரத்துணிமேல் பாதிக் காசுகள், முகமே இல்லாமல், பளபளவென்று. அந்தப் பக்கம் எட்டாத தூரத்தில் மீதிக் குவியல், பச்சையாக.

யாருமில்லை.

சத்தம் நின்றது. பேசினில் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அமுதா."

பேசின் அருகே போய்க் குனிந்தார்.

"போவட்டும் வுடும்மா. காசுதானே? எனக்குக் கோவமே இல்ல. ஒரு வார்த்த பேசேன்."

தண்ணீர் அடங்கியது. வேறொன்றும் அசையவில்லை.

வின்சென்ட் தரையில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருந்த ஒற்றைக் காசை எடுத்தார். அதன் ஆண்டைப் படிக்க அவருக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. புளியை அப்பித் தேய்க்கத் தொடங்கினார். களிம்பு கறுப்பாகக் கரைந்து விரலிடுக்கில் ஓடியது. எழுத்து ஒவ்வொன்றாகப் போயிற்று. கண்ணீரில் அவருக்குக் காசே தெரியவில்லை.

"இப்பிடித்தானே? சரியா தேய்க்கிறேனா?"

தேய்த்து முடித்தார். தலையை நிமிர்த்தாமல், அடுத்ததற்காகக் கையை நீட்டினார்.

உள்ளங்கையில் ஒரு காசு வைக்கப்பட்டது.

வைத்த விரல்கள் ஈரமாக, சில்லென்றிருந்தன. அவை விலகவில்லை.