வயிற்றெரிச்சல்

வலி எப்படி இருக்கிறது, குத்தலா, இழுப்பா, எரிச்சலா என்று டாக்டரம்மா கேட்டார். சின்னவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "வயித்தெரிச்சல்."

பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஆயா சிரித்தாள். "யார் மேலம்மா?"

சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். செத்துப்போனவள் மேல் என்று எப்படிச் சொல்வது?

மூட்டை தூக்கும் புருஷனுக்கு அவள் இரண்டாம் தாரம். பெரியவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, அவள் கூந்தலை வெட்டி, துணி சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார் மனுஷன். வேலை முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்து அதை முகர்ந்து பார்ப்பார். அப்புறம்தான் சின்னவளைப் பார்ப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தன் முகத்தைப் பார்க்கவேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

எரித்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். எறிந்தால் தேடுவார். அதனால் பகலில் இழை இழையாக உருவி, சோற்றோடு சோறாக விழுங்கினாள். கூந்தல் மெலிவதைப் பார்த்து, பூச்சி அரிக்கிறது என்று அவர் பாச்சை உருண்டை வாங்கிப் போட்டார்.

பெட்டியில் துணி மட்டும் மிஞ்சிய வாரம் வலி வந்தது.

கட்டி என்று நினைத்துத்தான் வயிற்றைத் திறந்தார்கள்.

கண் விழித்தபோது வெளியே மழை. வார்டில் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. மருந்து நெடிக்கு அடியில், தலைக்குத் தேய்க்கிற எண்ணெயின் வாசம்.

முடி தின்கிறவர்கள் வயிற்றில் அது பந்தாகச் சேர்வதுண்டு, அபூர்வம்தான் என்றார் டாக்டரம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இது பந்து இல்லம்மா. பின்னியிருக்கு. மூணு கால் எடுத்து, நுனி வரைக்கும். யார் பின்னினது?"

சின்னவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

முழுசாக எடுத்து எரித்தும் ஆயிற்று என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். அந்தப் பயத்திலும் அவளுக்கு ஒரு நிம்மதி. தொலைந்தாள்.

புருஷன் வந்தார். அவரிடமும் சொல்லியிருந்தார்கள். திட்டவில்லை. அழுது ஓய்ந்த கண்ணோடு கட்டிலருகே உட்கார்ந்தார். இனிப் பார்க்க நான் மட்டும்தானே என்று அவள் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் பார்க்கவில்லை.

குனிந்து, கட்டுப் போட்ட வயிற்றருகே வாயைக் கொண்டுபோனார்.

"கண்ணு."

சின்னவளை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

தையலுக்கு அடியிலிருந்து, ஆசையாக, ஒரு குரல் வந்தது.

"என்னங்க."