நாலு பேரும் ஊற வைத்தார்கள்

அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது சனிக்கிழமை மாலையில் மட்டும்தான்.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விடியும் முன்பே கிளம்பி, மாலை ஐந்து மணிக்குத் திரும்புவார். அப்பாவுக்குப் பேருந்து கழுவும் வேலை. மதியம் கிளம்பினால், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வருவார்.

அதனால் அவர்கள் ஃபிரிட்ஜ் கதவு வழியாகப் பேசிக்கொண்டார்கள். அதில் சீட்டு ஒட்டுவார்கள். ‘சோப்பு தீர்ந்துவிட்டது.’ ‘சின்னவனுக்கு இருமல். மருந்து மேல் தட்டில்.’ ‘குழாயைச் சரிசெய்துவிட்டேன், பாராட்டவும்.’ இது அப்பா எழுதியது. அதன் கீழே அம்மா எழுதியிருந்தார்: ‘பாராட்டியாச்சு. இன்னும் ஒழுகுது.’

சீட்டுகளுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். சீட்டைப் பார்ப்பவர் அந்த வேலையை முடிக்க வேண்டும்.

மூத்தவளுக்குப் பதினொரு வயது. அவள் நடந்தால் சத்தமே கேட்காது. அதனால் அவளை எல்லோரும் ‘பூனை’ என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பிக்கு ஆறு வயது. அவன் இருமினால்கூடத் தெருக்கோடிவரை கேட்கும். அவன் ‘வாண்டு’.

அந்தச் சனிக்கிழமை அம்மா சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினார். நான்கு பாட்டில்கள் இருந்தன. கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு, பட்டாணி. ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு கப்தான் மிச்சம்.

“சம்பளம் வர வெள்ளிக்கிழமை ஆயிடும். திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நாலு நாள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில். எப்படியாவது இந்த வாரத்தை ஓட்டிட்டா போதும்” என்றார் அம்மா.

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அது பூனையின் காதில் விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு இருந்தது. ‘பயறு ஊற வைக்கணும்.’

பூனை அலமாரியைத் திறந்தாள். கொண்டைக்கடலை பாட்டில் காலியாக இருந்தது. ‘நேத்தே தீர்ந்துடுச்சு போல’ என்று நினைத்துக்கொண்டு, காராமணியை ஊற வைத்தாள். பாத்திரத்தை ஜன்னல் ஓரம் வைத்து மூடினாள். தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு அவனோடு பள்ளிக்கு ஓடினாள்.

மாலை மூன்றேகாலுக்கு இருவரும் வீடு திரும்பினார்கள். தண்ணீரை வடிகட்டலாம் என்று, பெரிய சல்லடையை எடுக்கப் பூனை பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்தாள்.

அங்கே மூடி போட்ட ஒரு பானை இருந்தது. திறந்தாள். உள்ளே கொண்டைக்கடலை, உப்பிப் பெருத்து, பானை பாதிக்குமேல் நின்றது.

அவளுக்குப் புரிந்தது. அம்மா இருட்டிலேயே எழுந்து ஊற வைத்திருக்கிறார். சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார்.

சட்டென்று மேல்தட்டைப் பார்த்தாள். குழம்புச் சட்டி வழக்கமான இடத்தில் இல்லை. அடுப்பு மேடையின் மூலையில், துணி போர்த்தி இருந்தது. துணியை விலக்கினாள். பச்சைப்பயறு.

“அப்பாவும்” என்றாள், யாரிடமும் என்றில்லாமல்.

“என்னக்கா?” என்றான் வாண்டு.

“சீட்டைப் பார்த்து அம்மா ஒண்ணு, நான் ஒண்ணு, அப்பா ஒண்ணு ஊற வச்சிருக்கோம்டா. மூணு பாட்டிலும் காலி.”

வாண்டு ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு குளியலறைக்குப் போனான். இரண்டு கையாலும் தன் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே தண்ணீரில் ஊறிய பட்டாணி.

“நாலு” என்றான்.

“உனக்குத்தான் படிக்கவே வராதே.”

“நீ சீட்டைப் படிச்சுட்டு பாட்டிலைக் கவுத்தியா, நானும் கவுத்தேன். வாளியைக் கழுவிட்டுத்தான் போட்டேன். ரெண்டு தடவை கழுவினேன்.”

பூனை தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு நாள் சாப்பாடு ஒரே நாளில் ஊறிக் கிடக்கிறது. தண்ணீரில் ஊறியதைத் திரும்பப் பாட்டிலில் போட முடியாது. இப்படியே விட்டால் நாளைக்கே நுரை கட்டும், புளித்த வாடை வரும். அப்புறம் வியாழன் வரைக்கும் என்ன சாப்பிடுவது?

போன மாதம் பால் திரிந்தபோது அம்மா யாரையும் திட்டவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பூனையும் அதிகம் பேசாதவள்தான். ஆனால் அமைதியில் பல வகை உண்டு. அம்மாவின் அந்த அமைதி மறுபடி இந்தச் சமையலறைக்குள் வரக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

மணி மூன்றரை. அம்மா வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. பெரியவர்கள் இல்லாமல் அடுப்பைத் தொடக் கூடாது.

‘அடுப்பு இல்லாம என்ன செய்யலாம்?’

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிச் சமையலறை ஜன்னல் நினைவுக்கு வந்தது. இடைவேளையில் மற்றவர்கள் விளையாடும்போது, அவள் அந்த ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பாள். சமையல்கார அக்கா திங்கட்கிழமையே ஒரு மலை அளவு பயறை வேக வைத்துவிடுவார். தட்டில் பரப்பி ஆற விடுவார். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று போட்டு உறைபெட்டியில் அடுக்குவார். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அதே டப்பாக்கள் வெளியே வரும்.

“டேய், ஃபிரிட்ஜ் மேல் அறையைத் திற.”

வாண்டு நாற்காலியில் ஏறித் திறந்தான். உள்ளே டப்பா வைக்க இடம் இல்லை. சுவரெல்லாம் வெள்ளையாகப் பனிக்கட்டி மண்டிக் கிடந்தது.

“அக்கா, இதுக்குள்ள கரடி இருக்கும்.”

பூனை மின்செருகியைப் பிடுங்கினாள். கதவை அகலத் திறந்து, கீழே ஒரு பேசினை வைத்து, சுற்றிலும் பழைய துணிகளைப் பரப்பினாள். “கரடி வந்தா என்னைக் கூப்பிடு. கத்தியால சுரண்டாதே, அதுவே உருகட்டும்.”

கரடிக் காவலில் வாண்டு உட்கார்ந்தான்.

அவள் நான்கு பயறுகளையும் தனித்தனியாக வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசினாள். பச்சைப்பயறை மட்டும் ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி ஆணியில் தொங்கவிட்டாள். அதற்கு அடுப்பே வேண்டாம். தானாக முளை விடும். முளை விட்டால் ஒரு கப் இரண்டு கப்பாகத் தெரியும்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு கீழே காய்கறிக் கடைக்குப் போனாள். கடைக்காரம்மா பீட்ரூட்டையும் முள்ளங்கியையும் அடுக்கிக்கொண்டே, அவற்றின் இலைகளை முறித்துக் கூடையில் எறிந்துகொண்டிருந்தார்.

பூனை கொஞ்ச நேரம் நின்றாள். இந்த மாதிரிச் சமயங்களில் வாய் திறப்பதுதான் அவளுக்குக் கஷ்டம்.

“அம்மா, இந்த இலையெல்லாம் எனக்குக் கிடைக்குமா?”

“முயல் வளர்க்கறியா?”

“இல்ல. தம்பி வளர்க்கறேன்.”

கடைக்காரம்மா சிரித்த சிரிப்பில் ஒரு முள்ளங்கி உருண்டு கீழே விழுந்தது. “அப்ப நல்லா வளரட்டும். வாடினதைக் கழிச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்கோ.”

பூனை மற்ற பீட்ரூட்டுகளின் இலைகளையும் முறித்து, காய்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு எலுமிச்சம்பழமும் பைக்குள் விழுந்தது.

“இது எதுக்கும்மா?”

“கீரைல பிழிஞ்சு விடு. அதுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேரும். இது நீ அடுக்கினதுக்குக் கூலி.”

அவள் திரும்பியபோது பெரிய பனிக்கட்டி ஒன்று தொப்பென்று பேசினில் விழுந்தது. அதன் நடுவில் ஏதோ பளபளத்தது.

“கரடி இல்ல. கரண்டி” என்றான் வாண்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அப்பா மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கரண்டி அது. பூனை உள்ளே துடைத்துவிட்டு மின்செருகியை மறுபடி செருகினாள்.

பூனை ஒரு தாளை எடுத்து எழுதினாள். பேசுவதைவிட அது அவளுக்குச் சுலபம். எழுதியதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒட்டி முடிக்கவும் வாசல் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

அம்மா உள்ளே வந்தார். வடிகட்டிய பாத்திரங்களைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய மூட்டையைப் பார்த்தார். சிவப்பு மணல் வாளியைப் பார்த்தார். காலி பாட்டில்களைப் பார்த்தார்.

வாண்டுகூட வாயைத் திறக்கவில்லை.

அம்மா சீட்டைப் படித்தார்.

‘நாலு பேரும் ஊற வைத்துவிட்டோம். யார் மேலும் தப்பு இல்லை. மூன்றை இன்றே வேக வைத்து, ஆற வைத்து, டப்பாவில் போட்டு உறைய வைக்கலாம். பச்சைப்பயறு புதன்கிழமை முளைத்துவிடும். வேக வைத்த தண்ணீரைக் கொட்டாமல் சூப் செய்யலாம். கீரைத் தண்டை முதலில் போட வேண்டும், இலையைக் கடைசியில். அடுப்பு வேலை அம்மா. மற்றது நான். வெள்ளிக்கிழமை வரை வரும். கணக்குப் பார்த்துவிட்டேன்.’

அம்மா அதை இரண்டாம் முறையும் படித்தார்.

“இதுல ஒரு தப்பு இருக்கு” என்றார்.

பூனை சீட்டை எட்டிப் பார்த்தாள். “என்னம்மா?”

“அடுப்பு வேலை யாருன்னு போட்டிருக்க. பாத்திரம் தேய்க்கறது யாருன்னு போடலையே.”

“அப்பா” என்றான் வாண்டு உடனே.

அம்மா சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பூனையும் சேர்ந்து சிரித்தாள்.

“அது சரி, அடுப்பு ஒண்ணுதான் இருக்கு. மூணையும் வேக வைக்க ராத்திரி ஆயிடுமே” என்றாள் பூனை.

“இரு. சலவைக்கூடத்துல சூடா வர்ற போர்வையை மூட்டையாக் கட்டி வச்சா, சாயங்காலம் வரைக்கும் சூடு போகாது. அதே வேலையை இங்கயும் செய்வோம்.”

கொண்டைக்கடலை கால் மணி நேரம் தளதளவென்று கொதித்தது. அம்மா பானையை மூடியோடு இறக்கி, இரண்டு கம்பளிகளால் இறுகச் சுற்றி, நாற்காலியில் உட்கார வைத்தார். அடுப்பில் காராமணி ஏறியது. அதன் பிறகு பட்டாணி.

“பானைக்கு ஜுரமா அம்மா?” என்று கேட்டான் வாண்டு. பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தட்டிக்கொடுத்தான்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கம்பளியைப் பிரித்தபோது கடலை விரலில் நசுங்கியது. அம்மா அதன்பிறகுதான் உப்புப் போட்டார். கீரை சேர்த்து மறுபடி கொதிக்க வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்தார். சூடான சூப்பில் நேற்றைய ரொட்டியைத் தோய்த்துத் தின்றார்கள். வாண்டு இரண்டு கிண்ணம் குடித்தான்.

“முயலுக்கு இன்னும் கொஞ்சம்” என்றாள் பூனை. ஆறிய மிச்சப் பயறை டப்பாக்களில் போட்டு உறைபெட்டியில் அடுக்கினார்கள்.

மறுநாள் காலை கதவில் அப்பாவின் சீட்டு இருந்தது. ‘டப்பாக்கள், மூட்டை, கரண்டி எல்லாம் பார்த்தேன். சூப் குடித்தேன், பிரமாதம். பாத்திரம் தேய்த்துவிட்டேன். பாராட்டவும்.’

செவ்வாய்க்கிழமை ஒரு டப்பா வெளியே வந்தது. புதன்கிழமை முளைப்பயறை வெங்காயத்தோடு வதக்கித் தின்றார்கள். வியாழக்கிழமை காராமணியை மசித்து, வட்டமாகத் தட்டிச் சுட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை அம்மா சம்பளத்தோடு வந்து உறைபெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். பூனைக்கு ஒரு கணம் பயம் வந்தது.

“இன்னும் ஒரு டப்பா இருக்கு” என்றார் அம்மா. இப்படி ஓர் அமைதி இருப்பது பூனைக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை புதுப் பயறு வந்தது. பாட்டில்கள் கழுத்துவரை நிறைந்தன. நான்கு பேரும் சமையலறையில் இருந்தார்கள். அம்மா பழக்கத்தில் ஒரு சீட்டை எடுத்து, ‘பயறு’ என்று எழுத ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா கையில் கரண்டியோடு நின்றார். பூனையின் கையில் சல்லடை. வாண்டு தன் வாளியை இரண்டு தடவை கழுவி முடித்திருந்தான்.

அம்மா பேனாவை மூடி வைத்தார்.

அன்று ஒரே ஒரு கப் பயறு ஊறியது. அதை ஊற வைக்க நான்கு பேர்.