தந்தவர்களுக்கும் ஒரு மூடி

ராகவிக்கு முதுகு நொந்தது. சும்மா நோவு இல்லை. குனிந்தால் நிமிர விடாத நோவு. காலையிலிருந்து பழைய துணிப் பைகளை வேனிலிருந்து இறக்கிக் கடைக்குள் இழுத்துக்கொண்டே இருந்தால், பத்து வயதுப் பிள்ளைக்கு வேறென்ன ஆகும்?

“அம்மா, இந்தப் பை கல்லு மாதிரிக் கிடக்கு. ஆரோ அம்மியைக் கட்டிக் குடுத்திட்டினம்.”

அம்மா யோகா திரும்பிப் பார்க்கவில்லை. வாரம் முழுவதும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றுவிட்டு, சனிக்கிழமையில் இங்கே சம்பளமில்லாமல் நிற்கிறவர் அவர்.

“முதுகெண்டு இருந்தா நோகத்தான் செய்யும். தூக்கு.”

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் அப்போது அந்தக் கடை இருந்தது. இன்று அங்கே கண்ணாடிக் கதவு போட்ட பல் மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால், பழைய துணியும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை ராகவியின் மூக்கில் ஏறிவிடும்.

அது ஒரு தொண்டு நிறுவனத்தின் கடை. ஊரார் கொடுக்கும் பழைய பொருட்களைத் தொண்டர்கள் விற்பார்கள். டிசம்பர் வெயில் தொடங்கும் முன், சேர்ந்த பணம் ஊரிலுள்ள ஏதாவது ஒரு குழுவுக்கு உதவித்தொகையாகப் போகும். எந்தக் குழுவுக்கு என்பதை வாங்க வருகிறவர்களே முடிவு செய்வார்கள். எதை வாங்கினாலும், கழுவிக் காயவைத்த பால் போத்தல் மூடி ஒன்று கிடைக்கும். வாசலில் மூன்று கண்ணாடி ஜாடிகள் இருந்தன. பிடித்த ஜாடியில் போடலாம்.

முதல் ஜாடி ராகவி விளையாடும் சிறுமிகள் கிரிக்கெட் அணிக்கு. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு மட்டை. அதன் பிடியில் டேப் சுற்றிச் சுற்றி, பிடி யானைக்கால் போல வீங்கியிருந்தது. கால் காப்புகள் அண்ணன்மார் கழித்துப்போட்டவை. அவற்றைக் கட்டிக்கொண்டு ஓடினால் வாத்து ஓடுவது போலிருக்கும்.

இரண்டாவது ஜாடி ஒரு பாட்டுக் குழுவுக்கு. அதில் மூடிகள் கொஞ்சம்தான். அவர்கள் பாடுவதைக் கேட்டவர்கள் யாரும் போடவில்லை.

மூன்றாவது, வெளியே நடமாட முடியாதவர்களின் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் குழுவுக்கு. அந்த ஜாடியின் அடிகூட மறையவில்லை.

கிரிக்கெட் ஜாடி மட்டும் நிரம்பி வழிந்தது. காரணம், பெற்றோர்கள். அதிலும் தோழி ஸ்ருதியின் அப்பா பிரதீப்குமார்.

“அங்கிள், இந்தக் கோடு போட்ட டையை நீங்கள் போன கிழமையும் வாங்கினனீங்கள்” என்றாள் ராகவி.

“ஆமாம்மா. வீட்டுக்குப் போனா பிடிக்கல, திருப்பிக் குடுத்துட்டேன். இங்க வந்து பாத்தா மறுபடியும் பிடிச்சுப் போகுது!”

மூடியை வாங்கிக் கிரிக்கெட் ஜாடியில் போட்டுவிட்டு, டையைத் தோளில் போட்டபடி போனார்.

அப்போதுதான் சாப்பாட்டு வேன் ஓட்டும் தேவராஜா அங்கிள் தேநீர் குடிக்க உள்ளே வந்தார். முகம் தொங்கியிருந்தது.

“குளிர்ப்பெட்டி செத்துப்போச்சு, பிள்ளை. இந்த முறை உதவி கிடைக்காட்டி, டிசம்பரோட சனிக்கிழமைச் சாப்பாட்டை நிப்பாட்டத்தான் வேணும். வெயிலில பழுதான சாப்பாட்டைக் குடுக்கேலுமே?”

“அப்ப அவை என்ன சாப்பிடுவினம்?”

“வெறும் பாண் ரொட்டி. இருந்தா.”

ராகவி அடுத்த பையைத் தூக்கினாள். முதுகு ‘சுள்’ என்றது.

“இவ்வளவு பையும் எங்கயிருந்து அங்கிள் வருது?”

“சாப்பாடு குடுக்கிற வீடுகளிலதான். திரும்பி வரேக்க வேன் சும்மாதானே வருது. ‘எங்களிட்ட இருக்கிறதைக் கொண்டுபோ’ எண்டு தருவினம்.”

ராகவி கடையைச் சுற்றிப் பார்த்தாள். கம்பியில் தொங்கிய சட்டைகள், கோப்பைகள், கதிரைகள். பாதிக் கடை அந்த வீடுகளிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்காரர் ஒருவர் கையிலும் ஒரு மூடி இல்லை.

அவள் நேரே கல்லாவுக்குப் போனாள். அங்கே கடைப் பொறுப்பாளர் திரேசா அன்ரி இருந்தார். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் பெரியவர்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

“அன்ரி, வாங்கிறவைக்கு மூடி குடுக்கிறம். தாறவைக்கு ஏன் இல்லை?”

“தாறவை கடைக்கு வாறேல்லையே.”

“வரேலுமெண்டா, தேவராஜா அங்கிள் ஏன் அவைக்குச் சாப்பாடு கொண்டுபோறார்?”

திரேசா அன்ரி கண்ணாடியை இறக்கினார். பிறகு கழற்றியே விட்டார்.

ஸ்ருதி பின்னாலிருந்து கிள்ளினாள். “ஏய், லூசு! நீ எந்த டீம்ல இருக்க? அவங்க ஜாடி ரொம்பிடுச்சுன்னா நமக்கு பேட் கெடையாது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

ராகவி தங்கள் ஜாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். புது மட்டையின் வாசனையைக் கனவில்கூட முகர்ந்திருந்தாள் அவள்.

“டேப் சுத்தின மட்டையாலயும் அடிக்கலாம், ஸ்ருதி. குளிர்ப்பெட்டியில டேப் சுத்தேலாது.”

திரேசா அன்ரி மூடிகளை அள்ளி ஒரு பையில் போட்டார். “வீட்டுக்கு ஒண்டு. எதில போடச் சொல்லியும் நீ வாய் திறக்கக் கூடாது. விளங்கிச்சா?”

“ஓம் அன்ரி.”

“கதைச்சது நீ. அப்ப கொண்டுபோறதும் நீ” என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, ஜாடிக்கு ஒன்றாக மூன்று காலித் தயிர் டப்பாக்களோடு ராகவியும் அம்மாவும் வேனில் ஏறினார்கள். டப்பாக்களில் ஸ்ருதி படம் வரைந்து தந்திருந்தாள். கோபத்தோடுதான் தந்தாள். அதனால் கிரிக்கெட் மட்டை மட்டும் மற்ற இரண்டு படங்களையும்விடப் பெரிதாக இருந்தது.

கதவுகள் மெல்லத் திறந்தன. மூடிகள் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு டப்பாவில் விழுந்தன. ஒருவர் மட்டும் தன் மூடியைப் பாட்டுக் குழுவுக்குப் போட்டார். அவருக்குக் காது கேட்காது.

கடைசி வீடு யோகராசா அங்கிளுடையது. இடுப்பு எலும்பு முறிந்து, ஜன்னலோரக் கதிரையிலேயே இருந்தார். மூடியை வாங்கினார், கிரிக்கெட் டப்பாவில் போட்டார்.

வாய் திறக்கக் கூடாது என்பதை ராகவி மறந்தே போனாள். “அங்கிள், சாப்பாடு மற்றதில!”

“எனக்குக் கண் தெரியும். உங்கட சாப்பாட்டில உப்பில்லை.”

“உப்பைக் குறைக்கச் சொன்னது உங்கட டொக்டர்!” என்று கத்தினார் தேவராஜா அங்கிள்.

“அப்ப போய் டொக்டரிட்ட மூடி வாங்கு.” அவர் ராகவியைப் பார்த்தார். “நானும் ஒரு காலத்தில வேகப்பந்து போட்டனான். அது சரி, என்ர கோடு போட்ட டை வித்துப்போச்சோ?”

“ஓம் அங்கிள். ஒரே ஆளுக்கு மூண்டு தரம்.”

அவர் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. “இந்த மூடி சும்மா இல்லை, பிள்ளை. புதுப் பந்து வந்தவுடன, இந்த ஜன்னலுக்கு முன்னால நீ எனக்கு ஒரு ஓவர் போட்டுக் காட்டோணும். ஆறு பந்து.”

“சரி அங்கிள். கடன்.”

அதன்பிறகு பை தந்த வீடுகளுக்கெல்லாம் வாராவாரம் மூடி போனது. அந்த ஆண்டு சாப்பாட்டுக் குழுதான் வென்றது, மயிரிழையில். ஸ்ருதி மத்தியானம்வரை ராகவியோடு பேசவில்லை. அதற்குமேல் அவளாலும் முடியவில்லை.

பிரதீப்குமார் அங்கிள் மட்டையை வாங்கி, பழைய டேப்பை உரித்தார். கோடு போட்ட டையை அதன் பிடியில் இறுக்கிச் சுற்றி ஒட்டினார். “இனிமே இதைத் திருப்பிக் குடுக்க முடியாது” என்றார். அந்த மட்டையோடுதான் கோடை முழுவதும் ஆடினார்கள். பிடித்தால் பட்டுப்போல இருக்கும்.

அடுத்த ஆண்டு கிரிக்கெட் ஜாடி வென்றது. புதிதாக வந்த சிவப்புப் பந்தின் காகிதத்தைக்கூடக் கிழிக்காமல், ராகவி வேனில் ஏறப் போனாள்.

“யோகராசா அண்ணை இல்லை, பிள்ளை” என்றார் தேவராஜா அங்கிள். “போன கிழமைதான் மகளோட மெல்பேர்னுக்குப் போனவர். அங்க ரோவில் எண்ட இடத்தில இருக்கினம். உனக்கு ஒரு சொல் சொல்லிவிட்டவர்.”

“என்ன?”

“அங்கயும் ஜன்னல் இருக்காம்.”

இப்போது ராகவிக்குப் பன்னிரண்டு வயது. முன்னைவிட வேகமாகப் பந்து போடுகிறாள். அந்தச் சிவப்புப் பந்து மட்டும் காகிதம் பிரிக்காமல் மேசையில் இருக்கிறது. யோகராசா அங்கிளுக்கு அவள் ஒரு ஓவர் கடன். ஆறு பந்தும் இன்னும் பாக்கி.