பொட்டு வைத்த போர்டு

"இந்த போர்டு நடுவுல வட்டமா ஒரு இடம் காலியா கெடக்கே, இதுல என்ன வரணும்?" என்று அவள் கேட்டாள்.

"பேட்டரி. வாட்ச்சுல போடுவாவள்லா, அந்த மாதிரி சின்னது. பர்ச்சேஸ்காரங்க வேண்டாம்னுட்டாவ."

"அது இல்லாம எப்படி ஓடும்?"

"கரண்டு இருந்தா முழிச்சிருக்கும், இல்லன்னா தூங்கும். நம்மள மாதிரி இல்ல லேகா. நம்ம ஹாஸ்டல்ல கரண்டு போனா தூக்கமும்லா சேர்ந்து போயிருது."

"ஒங்க ஹாஸ்டல், எங்க ஹாஸ்டல்னு சொல்லுங்க. 'நம்ம' எங்க இருந்து வந்துச்சு?"

அவன் சிரித்தான்.

கல்யாணம் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய வாரம் நடந்த பேச்சு அது. இன்று, ஆயுதபூஜைக்கு முந்தைய வேலைநாளில், கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்த சந்திரலேகாவுக்கு அவன் சிரித்த முகம் மட்டும் நினைவுக்கு வந்தது. சுவருக்கு உள்ளே, மீட்டிங் அறையில், அவள் கணவன் மாரிசெல்வம் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு வெளியே பூட்டியிருந்தது. அவன் போன் செக்யூரிட்டி கன்னியப்பனின் மேசையில் கிடந்தது. அந்தக் கட்டடத்தில் திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றுகூட இல்லை. வெளியே ஒரகடம் ரோட்டில் மழை கொட்டுவது தெரிந்தது. சத்தம் மட்டும் உள்ளே வரவில்லை.

விஷயம் வெடித்தது பிற்பகல் 2:30க்கு.

உலகமெங்கும் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கூலியில்லாமல் சேர்ந்து எழுதிய இயங்குதளம் ஒன்று உண்டு. பெரிய கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த அதை, செல்போனில் இருப்பது போன்ற ஏஆர்எம் சிப் வைத்த ஒரு சிறிய போர்டுக்குக் குடிமாற்றும் வேலை மாரிசெல்வத்துடையது. தயாரிப்பு லைனில் ஓடும் டெஸ்டிங் மெஷின்களுக்கு மூளை அந்த போர்டுதான். இன்று அதைப் பார்க்கக் கஸ்டமர்கள் வந்து உட்கார்ந்து, மாரிசெல்வம் கீபோர்டைத் தொட்டபோது, அவன் மாற்றி எழுதிய பகுதி மொத்தமும் காணாமல் போயிருந்தது. போர்டிலும் இல்லை, பக்கத்தில் இருந்த பேக்கப் டிஸ்க்கிலும் இல்லை. யாரோ உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள்.

இன்று அவனுக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை சிறுசேரியில் புது வேலை. அதை நம்பி, குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு வீடு பேசி வைத்திருந்தார்கள். எட்டு மாதமாக ஆளுக்கொரு ஹாஸ்டலில் இருந்த புருஷன் பெண்டாட்டிக்கு முதல் வீடு. புது வேலையில் சேர ரிலீவிங் லெட்டர் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி வாங்கி வைத்துக்கொண்ட ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் வேண்டும்.

"ரெண்டும் கெடைக்காது" என்றார் பிளான்ட் மேனேஜர் பரசுராமன். "போறப்ப வேலையை அழிச்சிட்டுப் போறவனுக்கு நான் என்னத்தக் குடுக்கறது? போலீஸைக் கூப்பிடாம இருக்கேனேன்னு சந்தோஷப்படு."

"அவருதான்னு எப்படி சார் சொல்லுதீங்க?"

"போர்டே சொல்லுதும்மா. என்ன வேலை எப்ப நடந்ததுன்னு அது குறிச்சு வெச்சிருக்கு. அழிச்சது 12:10. லேப் கதவு ஐடி கார்டு இல்லாம திறக்காது. 12:10க்கு உள்ள இருந்தது உன் வீட்டுக்காரன் மட்டும்தான். கதவுப் பதிவை நானும் வசந்தகுமாரும் கண்ணால பாத்தோம்."

டீம் லீடர் வசந்தகுமார் மணிமங்கலத்துக்காரர். அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. இப்போதும் தரையைப் பார்த்தபடி நின்றார். "லேப்ல மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு சார். அதனால யாருன்னு..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இந்த 12:10 சமாச்சாரத்த அவருகிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா அதுக்கும் ஒரு கதை சொல்லுவான். ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடட்டும், அனுப்பறேன்."

"சார், செத்த போர்டு எதனால செத்துச்சுன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தாரீங்க. சாயங்காலம் கம்பெனி வேன் கெளம்புதது வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க."

"நீ அவன் பொண்டாட்டி."

"அதனாலதான் சார். தப்பா கண்டுபிடிச்சா காலம்பூரா கூட இருக்கப் போறது நான்."

பரசுராமன் வாட்ச்சைப் பார்த்தார். 'போ' என்பது போல் கையைக் காட்டினார்.

மணி 3:10.

லேப் வாசலில் ஜோதி நின்றாள். போர்டுகளுக்குச் சால்டரிங் வைக்கும் பெண், படப்பைக்காரி. லேப் கார்டு வைத்திருக்கும் மூன்றாவது ஆள் அவள்தான். அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நீ எப்பம் உள்ள போன ஜோதி?"

"பன்னண்டு மணி சங்கு ஊதிச்சில்லக்கா, ஒடனே. பூஜைக்கு எல்லா மிஷினையும் நிறுத்தணும்ல? மொதல்ல அந்த போர்டைத்தான் நிறுத்தினேன். தொடச்சிட்டு சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சேன். அஞ்சு நிமிஷம்கூட ஆவல, மத்த லைனுக்குப் போய்ட்டேன். அண்ணன் மட்டும் டேபிள் தொடச்சிக்கினு இருந்தாரு. அப்பால அவரும் பூஜைக்கு வந்துட்டாரு."

"நீ வந்த பொறவு அவரு திரும்ப ஆன் பண்ணியிருக்கலாம்லா?"

"அய்ய, இன்னாக்கா நீ! பொட்டு வெச்ச மிஷினை பூஜை முடியாம யாராச்சும் ஆன் பண்ணுவாங்களா? சாமி குத்தம் ஆவாது?"

"சாமிக்குப் பயப்படாத ஆளுன்னு மேனேஜர் சொல்லுவாரு. பொட்டு எங்க வச்ச?"

"சுச்சு மேலயே வெச்சேன். வேற எடம் ஏதுக்கா அதுல? பூரா கம்பியும் புள்ளியும்."

ஜோதி தன் கார்டைக் காட்டிக் கதவைத் திறக்க, சந்திரலேகா உள்ளே போனாள். மேசை மேல் போர்டு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதன் ஸ்விட்ச்சில் சந்தனம். பெரிய லென்ஸை இழுத்து அதன் மேல் வைத்தாள்.

சந்தனம் காய்ந்து, நடுவில் குளம் வற்றியது போல் வெடித்திருந்தது. இரண்டு சில்லுகள் உதிர்ந்து ஓரத்தில் கிடந்தன. ஈரத்தில் விரல் பட்டு இழுபட்ட தடம் எங்கும் இல்லை.

நிமிர்ந்தாள். சந்தனம் வைத்து அஞ்சு நிமிஷத்தில் யாராவது ஸ்விட்ச்சை அமுக்கியிருந்தால் அது விரலில் அப்பி இழுபட்டிருக்க வேண்டும். பூஜைக்காக ஏசியையும் நிறுத்தியிருந்த அறை, மழைக்காலம். அரை மணி, முக்கால் மணியாவது ஆகாமல் அது இப்படிக் காயாது. அப்படியென்றால் 12:10க்கு இந்த போர்டை யாரும் ஆன் பண்ணவில்லை. ஆனால் 12:10க்கு அழித்ததாக போர்டே சொல்கிறது.

இரண்டில் ஒன்று பொய். சந்தனத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அப்படியானால் போர்டு?

அவள் கண் தானாக அந்தக் காலி வட்டத்தில் போய் நின்றது. அங்கே அப்படியே நின்றுவிட்டது.

"ஜோதி, இவருதான தினமும் காலையில வந்ததும் போர்டுல ஏதோ தட்டுவாரு?"

"டைம் வெப்பாரு. நெட்டு கெடையாதுல்ல இந்த ரூம்ல, கஸ்டமர் கண்டிசன். அதனால கையால வெப்பாரு."

சந்திரலேகா கீபோர்டை இழுத்தாள். கேட்டால் ஒழிய மணி சொல்லாத போர்டு அது. கேட்டாள். திரையில் ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடிகாரத்தில் 3:25.

"ஜோதி, மேனேஜரைக் கூட்டிட்டு வா. வசந்த் சாரையும். அப்படியே கன்னியப்பன் அண்ணன்கிட்ட சொல்லி, எங்க வீட்டுக்காரரையும்."

ஐந்து பேர் நின்றதும் அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டியது. மாரிசெல்வம் அவளைப் பார்த்தான். 'ஒன்றுமில்லை' என்று அவள் கண்ணால் சொன்னாள்.

"சார், இந்த போர்டுகிட்ட இப்பம் மணி என்னன்னு கேட்டிருக்கேன். படிங்க."

பரசுராமன் குனிந்தார். "1:57. என்னம்மா இது, மணி மூணரை ஆகப் போவுது?"

"ஒன்றரை மணி நேரம் பின்னாடி நிக்குது. ஏன்னா அது தூங்கியிருக்கு." காலி வட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "வீட்டுக் கம்ப்யூட்டர்ல எல்லாம் உள்ள ஒரு பேட்டரி இருக்கும். நிறுத்தினாலும் கடிகாரம் ஓடும். இதுல நம்ம கம்பெனி அத வைக்கல. நிறுத்தும்போது மணி என்னவோ, அதை ஞாபகம் வச்சுக்கிடும். திரும்ப ஆன் பண்ணினா அங்க இருந்தே எண்ண ஆரம்பிக்கும். பூஜை நடந்த நேரம் அதுக்குத் தெரியவே தெரியாது."

மாரிசெல்வம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "12:10ன்னு இதுல பாத்தா சார் சொன்னீங்க? நான் கதவுப் பதிவுலதான்னுலா நெனச்சேன்! எங்கிட்ட ஒரு தடவ காட்டியிருந்தா..."

"இருங்க. வேற எந்த நாளும் இது நடந்திருக்காது சார். நாமதான் கும்பிடுததுக்காக இன்னைக்கு நடுவுல இத நிறுத்தினோம். இப்பம் அந்த 12:10ஓட ஒன்றரை மணி நேரத்தச் சேருங்க. 1:40. அந்த நேரத்துல கதவத் தெறந்து உள்ள இருந்தது யாருன்னு பாருங்க."

பரசுராமன் கதவுப் பதிவுகளைத் தன் போனில் தேடினார். தேடி முடித்தும் தலையைத் தூக்கவில்லை.

வாசலிலிருந்து கன்னியப்பனின் குரல் வந்தது. "இன்னாத்துக்கு சார் தேடிக்கினு? நாங்கல்லாம் சுண்டலு துன்னுக்கினு இருக்க சொல்ல வசந்த் சாருதானே போனாரு. கஸ்டமர் வராங்கோ, ஏசி போட்டு வெக்கறேன்னாரு. அவரு சுண்டலு அப்படியே கீது என் டேபிள்ல."

எல்லார் தலையும் வசந்தகுமார் பக்கம் திரும்பியது. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

வசந்தகுமார் மறுக்கவில்லை. பக்கத்து ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"மாட்டிவிடணும்னு செய்யல சார். சத்தியமா இல்ல. வேலை முடியலன்னா அவனை ரிலீவ் பண்ண மாட்டீங்க, இன்னும் மூணு மாசம் இருப்பான்னு நினைச்சேன். அவ்ளோதான். போர்டு குறிச்சதுல 12:10ன்னு வந்தப்ப எனக்கே புரியல. சாமியே காப்பாத்திச்சுன்னு வாயை மூடிக்கிட்டேன். அதுதான்... அதுதான் பெரிய பாவம்."

"எதுக்குய்யா அவன் மூணு மாசம் இருக்கணும்?" பரசுராமன் கத்தினார். "டீம் லீடர் நீ இல்ல? அவன் போனா நீ பாத்துக்க மாட்ட?"

வசந்தகுமார் போர்டைப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் அந்த போர்டின் முன்னால் தனியாக உட்காரப் போகும் மனிதரின் முகத்தை சந்திரலேகா அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பூட்டிய அறைக்குள் அவள் கணவன் இருந்தது ஒரு மணி நேரம். இவர் எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார்?

பரசுராமன் அவரை விட்டுவிட்டு மாரிசெல்வத்திடம் திரும்பினார். இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து அலமாரிச் சாவியைத் தனியாகப் பிரித்தார். "ஒரிஜினல்ஸ் வந்து வாங்கிக்க. லெட்டர் அடிச்சுத் தரேன். நான்... கேட்டிருக்கணும் உன்கிட்ட. கேக்கல."

"சரி சார்." மாரிசெல்வம் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அழிச்சது முழுசா போயிரல சார். நீங்க ஒத்துக்கிட்டு, பாதிக்கு மேல அந்த இயங்குதளம் எழுதுதவங்களுக்கே அனுப்பிட்டோம். வாங்கிச் சேத்துக்கிட்டாவ. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். மிச்சத்த இந்த லீவுல எழுதித் தந்திருதேன்."

அப்புறம் வசந்தகுமாரின் எதிரில் போய் நின்றான். அடிக்கப் போகிறான் என்று ஜோதி நினைத்தாளோ என்னவோ, ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"ஏன் சார்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? ரெண்டு வருசமா பக்கத்து சீட்டுதானே?"

"கேக்கத்தான் வருவேன்." வசந்தகுமார் தலை நிமிராமலே சொன்னார். "உன் சீட்டு வரைக்கும் வருவேன். நீ எழுந்து நின்னு, 'சொல்லுங்க சார்'னுவ. ஒன்னுமில்லைன்னு திரும்பிடுவேன். நான் படிச்சதெல்லாம் பழைய கம்ப்யூட்டரு. இந்த ஏஆர்எம் எனக்கு ஒரு எழுத்து தெரியாது மாரி. உன் வேலையில கையெழுத்துப் போட்டுப் போட்டே லீடர் ஆயிட்டேன். அதுக்கப்புறம் யார்கிட்டன்னு போய்க் கேக்கறது?"

மாரிசெல்வம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மன்னிப்பதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியாதது அவன் முதுகில் தெரிந்தது.

"இப்பம் கேளுங்க சார்" என்றாள் சந்திரலேகா. அவள் குரலில் கனிவும் இல்லை, கோபமும் இல்லை.

வசந்தகுமார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டினார். வகுப்பறையில் நிற்பவரைப் போல.

"மாரி... எனக்கு இதைச் சொல்லித் தர்றியா? மொதல்லேருந்து."