கொசுறு கிடையாது

ஐந்தாம் வகுப்பில் அவளை எல்லோரும் ‘கறார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பாவின் பாத்திரக் கடையில் ‘கறார் விலை’ என்று ஓர் அட்டை தொங்கும். கடைக்கு வருகிறவர்கள் யாரும் அதை மதித்ததில்லை. பாவம், அந்தப் பெயராவது வீணாகாமல் மகளுக்கு வந்து சேர்ந்தது.

அவள் பக்கத்து இருக்கைத் தோழி வாயாடி. கால் எலும்பு முறிந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தவள், வரும் திங்கட்கிழமை சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வரப்போகிறாள். வகுப்பறைக்குச் சிக்கல் இல்லை. நூலக வாசலில்தான் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு படி.

நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்றார்கள் பையன்கள். கறார் அதை ஃபோனில் சொன்னாள்.

“மூட்டை மாதிரி என்னைத் தூக்கறதா இருந்தா நூலகமே வேணாம். நான் வெளியவே இருந்துக்கறேன்” என்றாள் வாயாடி. அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. வாயாடி பேசாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கறாருக்குத் தெரியும்.

படியில் சக்கரம் ஏற ஒரு சாய்தளம் செய்வது என்று வகுப்பு முடிவெடுத்தது. கறாரின் தாய்மாமா தச்சர். சனிக்கிழமை அரைநாள் தருகிறேன் என்றார். ஆசிரியை கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதினார்: நோக்கம், எல்லை, கெடு. வேலை தொடங்கும் முன் மூன்றையும் நிரப்பச் சொன்னார்.

வாயாடி தானாகவே நூலகத்துக்குள் போக வேண்டும், அது நோக்கம். திங்கள் காலை மணி அடிப்பதற்குள் முடிய வேண்டும், அது கெடு. எல்லைக்கு நேராக ‘ஒரு மரச் சாய்தளம்’ என்று எழுதிச் சுற்றிலும் வட்டம் போட்டாள் கறார். வட்டத்துக்கு வெளியே இருப்பது எதையும் செய்யப் போவதில்லை.

வட்டம் அரைமணி நேரம்தான் தாங்கியது. பிறகு ‘அப்படியே’ வந்துவிட்டது.

அப்படியே வண்ண விளக்கு போடலாம் என்றான் ஒருவன். அப்படியே ரெண்டு பூந்தொட்டி என்றாள் இன்னொருத்தி. அப்படியே மைதானத்துக்கு ஒரு சறுக்குமரமும் செய்துவிடலாமே என்றது கடைசி வரிசை. கடையில் கொசுறு கேட்பவர்களும் இந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பார்கள். கறார் அதைக் கேட்டே வளர்ந்தவள்.

ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: “அது இல்லேன்னா சக்கரம் ஏறாதா?”

விளக்கு அணைந்தது. பூந்தொட்டி காணாமல் போனது. சறுக்குமரம் வழுக்கிக்கொண்டு போனது.

ஆனால் தலைமையாசிரியையும் வந்து, அப்படியே உதவியவர்கள் பெயரையெல்லாம் எழுதி ஒரு பலகை வைக்கலாமே என்றார். அதற்காக நீளமான மரப்பலகையும் அனுப்பிவிட்டார். அவரிடம் யார் கேள்வி கேட்பது? கறார் அதை வட்டத்துக்கு வெளியே, ‘பிறகு’ என்று எழுதி வைத்தாள்.

சனிக்கிழமை மாமா இரண்டு பலகைகளைச் சேர்த்து அடித்தார். கறார் பெருமையாக வாயாடிக்கு ஃபோன் செய்தாள்.

“அகலம் எவ்வளவு?” என்றாள் வாயாடி.

“ரெண்டடி.”

“என் வண்டி ரெண்டடிக்கு மேல நாலு விரல் இருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

கறாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோரையும் கேள்வி கேட்டவள், ஏறப்போகிறவளை மட்டும் கேட்கவில்லை. மாமாவோ ஓரத்தில் பூ செதுக்க உளியை எடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு பலகை சேர்க்கணும் மாமா.”

“ஏம்மா, கொசுறு கிடையாதுன்னு நீதானே சொன்னே?”

“இது கொசுறு இல்ல மாமா. சரக்கே இதுதான். உங்க பூதான் கொசுறு.”

மாமா உளியைக் கீழே வைத்தார். “பலகைக்கு எங்கே போவே?”

சுவரில் ஒரு பலகை சாய்ந்திருந்தது. கறார் ஆசிரியைக்கு ஃபோன் செய்தாள். அவர் சிரித்துவிட்டு, எடுத்துக்கொள், தலைமையாசிரியைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வாயாடி சக்கரங்களைத் தானே தள்ளினாள். பலகை கடகடவென்றது. வண்டி பாதி ஏறியது, முக்கால் ஏறியது, ஒரே உந்தில் நூலகத்துக்குள் போய்விட்டது. யாரும் தூக்கவில்லை, யாரும் தொடக்கூட இல்லை. வகுப்பு கைதட்டியதில் புறாக்கள் பறந்தன.

“எல்லாம் சரி, பெயர்ப்பலகை எங்கே?” என்றார் தலைமையாசிரியை.

கறார் சாய்தளத்தைக் காட்டினாள். “அதோ டீச்சர். அதுமேலதான் ஏறிப் போனா.”

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். மூன்றாவது பலகையைக் காலால் ஒருமுறை அழுத்தினார். “பெயரைவிட இது நல்லாத்தான் இருக்கு” என்றார்.

உள்ளே வாயாடி ஒரு மாதப் பேச்சையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். “ஏய் கறாரு, அப்படியே அந்த மேல்தட்டுப் புத்தகத்தை எடுத்துக் குடேன்.”

கறார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொசுறும் சேர்த்து இரண்டு புத்தகங்களாக எடுத்துக் கொடுத்தாள்.