நாலு மணிக் கட்டு

'1958 ஆகஸ்ட் 12, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். மூன்றாம் கட்டில் நோயாளி முத்தழகுவுக்கு இசிவு வந்த நேரத்தை வார்டு நோட்டில் 3.50 என்று எழுதிவிட்டேன். நான் புண் கட்டை அவிழ்த்ததே நாலு மணிக்குத்தான்.'

இரவுப் பள்ளி தொடங்குமுன் டைரி எழுதி முடித்த சலாஹுதீன், அந்த வரிகளை இரண்டு முறை படித்தான். தவறுதானா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

ராமநாதபுரத்துக்கு வெளியே இருந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் புண்களுக்குக் கட்டுப் போடுவது அவன் வேலை. ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ், நோயாளிகளின் அறையில் நண்பகலிலும் இருட்டுத்தான். வெளிச்சமோ சத்தமோ பட்டால் நோயாளிக்கு இசிவு வந்து உடம்பு வில்லாக வளைந்துவிடும் என்பதால், ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து, தள்ளுவண்டியின் சக்கரங்களுக்குக்கூடத் துணி சுற்றி, ஸ்பிரிட்டும் வியர்வையும் கலந்த வாடைக்குள் எல்லோரும் வெறுங்காலோடு நடமாடினார்கள்.

முத்தழகு தொண்டிக்காரி. கரையில் கருவாடு காயப்போட்டபோது துருப்பிடித்த படகாணி ஒன்று குதிகாலில் ஏறிவிட்டது. தாடை பூட்டி, முகம் ஒரு சிரிப்பில் இறுகிப்போயிருந்தது. தினமும் நாலு மணிக்குப் புண்ணைத் திறந்து, அழுகிய சதையை இடுக்கியால் பிடித்து வெட்ட வேண்டும். மருந்து மயக்கத்தில் அவளுக்கு எதுவும் தெரியாது என்றார் டாக்டர். இன்னொரு நீண்ட இசிவு வந்தால் மூச்சு நின்றுவிடும் என்றும் சொன்னார்.

"கட்ட அவுக்குறதுக்கு முன்னாடியே இசிவு வந்துருச்சாக்கும்?" அன்று நோட்டைத் திருத்தியபடி நர்ஸ் ராமலெட்சுமி கிசுகிசுத்தாள். "ஏந்தம்பி, ஒங்க ராத்திரிப் பள்ளிக்கூடத்துல கடிகாரம் பாக்கச் சொல்லித் தரலயா?"

புதன்கிழமை, சாமான் அறை அலமாரியிலிருந்து இடுக்கியை எடுத்தவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். 3.50. நடையின் மறுகோடியில் கட்டில் கிரீச்சிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தான். தலையும் குதிகால்களும் மட்டும் மெத்தையில் ஊன்றியிருக்க, நடு உடம்பு அந்தரத்தில் நின்றது. கண்கள் திறந்திருந்தன. கதவையே பார்த்தன. சிரிக்கும் முகத்தில் கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் புருஷன் மூக்கையா எழுந்து நின்றார்.

"திருக்கை முள்ளு குத்துனப்பக்கூட அவ வாயத் தொறக்கல தம்பி. நோவுக்குப் பயப்படுறவ இல்ல. இங்கன வந்துதான் இப்புடி ஆயிட்டா."

"நாளைக்கி நோகாமப் பாத்துக்கிறேண்ணே."

"சொன்னா போதுமா? செய்யணும்ல."

அன்றிரவு பாடம் மண்டையில் ஏறவில்லை. நேற்றும் இன்றும் அவன் இடுக்கியை எடுத்த நேரத்தில்தான் இசிவு வந்தது; தற்செயலாக இருக்கலாம். இன்னொரு முறை பார்த்தால்தான் நிச்சயம். அவன் எதையும் அப்படித்தான் செய்து பழகியவன்.

வியாழக்கிழமை இரண்டு மணி, சாமான் அறை. வண்டியை நகர்த்தவில்லை. ஸ்பிரிட் புட்டியைத் திறக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு விரலால் இடுக்கியைத் தொட்டான்.

கிரீச்.

அந்த இசிவு நிற்கவில்லை. ராமலெட்சுமி ஓடினாள். டாக்டரும் ஓடினார். அவன் அலமாரி முன்னாலேயே நின்றான். தொட்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் மூக்கையாவின் ஓலம் கேட்டது. அந்த அறையில் சத்தத்துக்கு அஞ்ச இனி யாருமில்லை.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினம். கறுப்புத் துணியைக் கழற்றியிருந்தார்கள். மூன்றாம் கட்டிலில் வெயிலில் காய்ந்த மெத்தை, புது விரிப்பு. தெருவில் பள்ளிப் பிள்ளைகளின் முரசுச் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. சலாஹுதீன் கருவிகளைக் கழுவி ஒவ்வொன்றாகத் துடைத்தான். கத்தரி. தட்டு. இடுக்கி.

கிரீச்.

நடை நீளமாக இருந்தது. கால்கள் தாமாக நடந்தன. அறையில் யாருமில்லை. புது விரிப்பில் இரண்டே பள்ளங்கள். தலையணையில் ஒன்று. கால்மாட்டில் ஒன்று. நடுவில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"யா அல்லாஹ்."

கையைப் பார்த்தான். இடுக்கி. கீழே போட நினைத்தான். விரல்கள் இறுகின.

பள்ளங்கள் ஆழமாயின.

'ஆகஸ்ட் 15, வெள்ளி. செவ்வாய்க்கிழமை எழுதிய நேரம் தவறல்ல. நாளை: மூன்றாம் கட்டிலுக்குத் தேவிபட்டினத்திலிருந்து புது நோயாளி. நாலு மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும்.'